அரிக்கும் கண்ணில் கருவிழி மாற்று: முழுதாகவா, அடுக்காகவா?

நேயர்களுக்கு என் வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், கருவிழிப் பிரிவின் வரிசையில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் சிவந்த கண்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாய், "கையை எடு, கசக்காதே" என்று நிமிடத்துக்கு ஒருமுறை அதட்டிக்கொண்டிருப்பார். வெர்னல் என்னும் இந்தக் கண் ஒவ்வாமையின் பெயரில் வசந்தம் இருக்கிறதே தவிர, நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் அது பல பிள்ளைகளை ஆண்டு முழுவதும் விடுவதில்லை. பருவ வயதைக் கடந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அரிப்பு அடங்கிவிடும். ஆனால் அவர்களில் சிலர் பதினெட்டு, இருபது வயதில் பார்வை மங்கலோடு மீண்டும் வருகிறார்கள். அப்போது அவர்களுடைய கருவிழி, அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும் படலம், மெலிந்து, கூம்பு போல முன்தள்ளியிருக்கும். கெரட்டோகோனஸ் என்று நாங்கள் சொல்லும் இந்தக் கூம்புக் கருவிழி நோய்க்குப் பரம்பரையும் காரணமாகலாம் என்றாலும், விரல் முட்டியால் கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் அதை விரைவுபடுத்துகிறது என்பதில் கருவிழி மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தொடக்க நிலையில் அறுவைக்குத் தேவையே இருக்காது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட, ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்கும் முறை, நோய் முற்றுவதைப் பலருக்குத் தடுத்து நிறுத்துகிறது. தானமாகப் பெற்ற கருவிழித் திசுவை வில்லாக வெட்டி உள்ளே செருகும் முறையைச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் சூசன் ஜேக்கப் உருவாக்கி, இன்று பல நாடுகளில் அது செய்யப்படுகிறது. இவற்றுக்குரிய கட்டம் தாண்டிவிட்டால், கடினக் காண்டாக்ட் லென்ஸைக் கொண்டு பல ஆண்டுகள் காலம் தள்ளலாம். ஒவ்வாமைக் கண்ணின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேல் இமையின் உட்புறம் கூழாங்கற்களைப் பரப்பியதைப் போலப் புடைப்புகள் நிறைந்த கண்ணில் லென்ஸ் அரை மணி நேரம்கூடத் தங்குவதில்லை. அதனால், மற்றவர்கள் லென்ஸோடு சமாளிக்கும் நிலையிலேயே இவர்கள் மாற்று அறுவைக்கு வந்துவிடுகிறார்கள்.

மாற்று அறுவையில் இரண்டு வழிகள் உண்டு. இன்றைய செக் நாட்டின் ஒலோமௌட்ஸ் நகரில் எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் வெற்றிகரமாகச் செய்த முழுத்தடிமன் மாற்று, அவற்றுள் மூத்தது. கருவிழியின் நடுப்பகுதியை வட்டமாக, முன்னிருந்து பின்வரை வெட்டியெடுத்துவிட்டுத் தானக் கருவிழியை அந்த இடத்தில் வைத்துத் தைப்பதே அந்த முறை. மற்றொன்று டால்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆழ்முன்னடுக்கு மாற்று. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அந்த மெல்லிய சுவருக்குள்ளும் அடுக்குகள் உண்டு. மிக உள்ளே, டெசமெட் என்னும் சவ்வின்மேல் ஒரே வரிசையில் படிந்திருக்கும் செல்கள்தாம் கண்ணுக்குள் உள்ள நீர் கருவிழிக்குள் ஊறிவிடாமல் இறைத்து வெளியேற்றுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்தைந்நூறு வாக்கில் இருக்கும் இந்தச் செல்கள் செத்தால் மீண்டும் பிறப்பதில்லை. கூம்புக் கருவிழி நோயில் கெட்டுப்போவது முன்னடுக்கு. இந்தச் செல்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. நலமாக உள்ளதை ஏன் வெட்டியெறிய வேண்டும் என்ற கேள்வியிலிருந்துதான் டால்க் பிறந்தது.

அந்தச் சவ்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. அதைக் கிழிக்காமல் முன்னடுக்கை மட்டும் உரிப்பது எப்படி? அன்வர், டைக்மன் என்ற இருவர் 2002-இல் விளக்கிய பெருங்குமிழி முறையில், கருவிழியின் ஆழத்தில் ஊசியைச் செலுத்திக் காற்றை அழுத்துகிறோம். முதலில் பால் சிந்தியதைப் போல வெண்மை பரவும். எல்லாம் சரியாக அமைந்தால், அடுத்த நொடியில் வட்டமான ஒரு குமிழி எழுந்து சவ்வைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும் அந்த நொடியில் மூச்சு நின்றுதான் திரும்புகிறது. குமிழி எழாவிட்டால் அடுக்கடுக்காகக் கையால் செதுக்க வேண்டும். சவ்வு பெரிதாகக் கிழிந்துவிட்டால் முழுத்தடிமன் மாற்றுக்கே திரும்ப வேண்டும். ஆகவே டால்க் என்று சொல்லி அறுவை அறைக்குள் அனுப்பும்போதே, இந்த வாய்ப்பையும் நோயாளியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி 2011-இல் வெளியிட்ட மதிப்பீடு, பார்வைத் தெளிவில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றும், உட்செல்களைக் காப்பதில் டால்க் மேல் என்றும் கூறியது. ஆனால் 2014-இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் பதிவேட்டு ஆய்வில் முழுத்தடிமன் மாற்றே நன்றாக நிலைத்திருந்தது. கைப்பழக்கம் குறைந்தவர்களின் அறுவைகளும் அந்தப் பதிவேட்டில் அடங்கியிருக்கும் என்பது என் எண்ணம். அதற்காக அதைப் புறந்தள்ளிவிட முடியாது. ரியாத் நகரத்துக் கிங் காலித் கண் மருத்துவமனையின் அனுபவமோ, அரிப்பு நோய் இருந்தவர்களுக்கும் முழுத்தடிமன் மாற்று நன்றாகவே நிலைக்கிறது என்று காட்டியது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒவ்வாமைக் கண்ணுக்கு நான் டால்க்கையே முதலில் எண்ணுவதற்கு ஸ்டீராய்டுதான் முதல் காரணம். முழுத்தடிமன் மாற்றில் தானமாக வந்த உட்செல்களை உடல் எதிர்க்கக்கூடும். அதைத் தடுக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஸ்டீராய்டுச் சொட்டு தேவைப்படும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சொட்டு புதிதல்ல. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கிச் சிறுவயது முதல் ஊற்றி, கண் அழுத்தம் ஏறி, அந்த அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமாவின் வாசலில் நிற்பவர்கள் அவர்கள். டால்க்கில் உட்செல்கள் நோயாளியின் சொந்தச் செல்களாகவே இருப்பதால் அந்த வகை எதிர்ப்புக்கு இடமில்லை. முன்னடுக்கில் எதிர்ப்பு வந்தாலும் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். ஸ்டீராய்டையும் முன்னதாகக் குறைக்கலாம்.

இன்னொரு காரணம், கசக்கும் கை. முழுத்தடிமன் வெட்டின் தழும்பு எத்தனை ஆண்டானாலும் பழைய வலுவை முழுமையாகப் பெறுவதில்லை. ஒரு பந்தடியில் அது பிளந்து கண்ணையே இழந்தவர்கள் உண்டு. டால்க்கிலும் அடிபடலாம் என்றாலும், சொந்தச் சவ்வு உள்ளே தடுப்பாக நிற்கிறது. தவிர, இருபது வயதில் வைக்கும் கருவிழி ஐம்பது ஆண்டு உழைக்க வேண்டும். முழுத்தடிமன் மாற்றுக்குப் பிறகு உட்செல்கள் இயல்பைவிட வேகமாகக் குறைந்துகொண்டே போகின்றன. கண் தானத்தின் கோணத்திலும் ஒரு நன்மை உண்டு: உட்செல்கள் குறைந்த முதியவரின் கருவிழியும் டால்க்குக்குப் பயன்படும்.

எல்லாக் கண்ணுக்கும் இது பொருந்தாது. வெறித்தனமாகக் கசக்கும் கண்களில் டெசமெட் சவ்வு திடீரெனக் கிழிந்து, நீர் புகுந்து, கருவிழி ஒரே நாளில் வெளுத்துவிடுவதுண்டு. அது ஆறி ஆழமான தழும்பு விட்டுச்சென்ற கண்ணில் காற்றை அழுத்தினால் பழைய கிழிசல் திறந்துகொள்ளும். அத்தகைய கண்ணுக்குக் கையால் செதுக்கும் முறையோ முழுத்தடிமன் மாற்றோதான் வழி.

எந்த முறையானாலும் அரிப்பு அடங்காத கண்ணில் நான் கத்தி வைப்பதில்லை. ஒவ்வாமையை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்போ சைக்ளோஸ்போரின் சொட்டோ கொடுத்து, சில மாதம் கண் சிவப்பில்லாமல் இருக்கக் கண்ட பிறகே தேதி குறிப்பேன். முடியைவிட மெல்லிய நைலான் இழையால் போடும் பதினாறு தையல்கள் இந்தக் கண்களில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தளர்கின்றன. தளர்ந்த இழையில் சளி ஒட்டும், கிருமி ஏறும், இரத்தக் குழாய் படரும். தையல் போட்ட கண்ணில் மணல் உறுத்துவது போலத் தோன்றினால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே வந்துவிடச் சொல்கிறேன். அந்த ஒரு தையலை எடுத்துவிட ஐந்து நிமிடம் போதும்.