நிமிர்ந்த விரலுக்கு மீண்டும் நடை பழக்குவோம்: கால்விரல் திருத்த அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சிகள்

[காட்சி: நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் வெறும் பாதம், பக்கவாட்டிலிருந்து]

நாற்காலியில் உட்காருங்கள். அறுவை சிகிச்சை செய்யாத காலைத் தரையில் பதியுங்கள். விரல்கள் அப்படியே இருக்கட்டும், குதிகாலை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். இப்போது கட்டைவிரலின் அடிமூட்டைப் பாருங்கள். விரல் தரையை விட்டு நகரவில்லை. பாதம்தான் அந்த மூட்டில் மடிந்து மேலே எழுகிறது. நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியின் கடைசியிலும் இந்த மடிப்பு நிகழ்கிறது. இதுவரை இதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். அதே காலின் கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி வளையுங்கள். உள்ளங்காலின் வளைவு சற்றுத் தூக்கிக்கொடுக்கும். உள்ளங்காலில் ஓடும் உறுதியான நார்ப்பட்டை, விரல் மேலே வளையும்போது கயிறுபோல இறுகுகிறது. பாதம் விறைத்து, உடலை முன்னே தள்ளும் நெம்புகோலாக மாறுகிறது. 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இந்த இயக்கத்தை விளக்கி எழுதினார். கட்டைவிரல் மடங்கவில்லை என்றால் இந்த நெம்புகோலும் முழுதாக வேலை செய்யாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாம் மீட்டெடுக்க வேண்டியது இந்த மடிப்பைத்தான்.

[காட்சி: பாத எலும்புகளின் வரைபடம்]

கட்டைவிரல் இரண்டாம் விரலின் பக்கம் சாய்ந்து, அடிமூட்டு வெளியே புடைத்துக்கொள்வதை மருத்துவர்கள் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்பார்கள். விரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு மற்ற காலை நோக்கி விலகியிருக்கும். பெரும்பாலும் அந்த எலும்பை வெட்டி, நகர்த்தி, திருகாணி வைத்து நிறுத்துவார்கள். மூட்டு மிகவும் தேய்ந்துபோயிருந்தால் அந்த மூட்டையே ஒட்டவைத்துவிடுவதும் உண்டு. சிறிய விரல்கள் கொக்கிபோல வளைந்திருந்தால், நடுமூட்டைத் திருத்தி, மெல்லிய கம்பி ஒன்றைச் செருகிச் சில வாரங்கள் வைத்திருப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் ஒரே பயிற்சி கிடையாது. ஒட்டவைத்த மூட்டை மடக்கப் பார்த்தால், சேரவேண்டிய எலும்பைப் பிரிக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். கம்பி இருக்கும் விரலை வளைக்கவே கூடாது. ஆகவே இந்த வீடியோவைப் பார்த்து ஒரு பயிற்சியைத் தொடங்கும் முன், உங்கள் அறுவை மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பாதத்தில் எந்த மூட்டு அசையலாம்? எது அசையக்கூடாது? எந்தத் தேதியிலிருந்து முழு எடையை ஊன்றலாம்? பதில்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலியும் மருந்து மயக்கமும் இருக்கும் நாட்களில் காதில் விழுவது நினைவில் நிற்காது.

முதல் இரண்டு வாரங்களில் பாதத்துக்கு ஓய்வுதான் வேலை. படுத்துக்கொண்டு, காலை இதயத்தைவிட உயரமாகத் தலையணைகளின் மேல் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது போதாது. கணுக்காலை அசைக்க அனுமதி இருந்தால், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைத் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் இரத்தம் தேங்காமல் மேலேறும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

[காட்சி: இரு கைகளும் பாதத்தைப் பிடித்திருக்கும் நெருக்கக் காட்சி. இந்தப் பகுதி முழுவதும் கேமரா நகர வேண்டாம்]

இனி வருவது எலும்பைத் திருத்தி, மூட்டை ஒட்டவைக்காமல் விட்டவர்களுக்கான முக்கியப் பயிற்சி. பொதுவாகத் தையல் பிரித்து, காயம் மூடிய பிறகு இதற்கு அனுமதி கிடைக்கும். சிலருக்கு இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கைகள் எங்கே பிடிக்கின்றன என்று பாருங்கள். ஒரு கை, அடிமூட்டுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பை அசையாமல் பிடித்திருக்கிறது. மற்றக் கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும், மூட்டுக்கு மிக அருகில், கட்டைவிரலின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கின்றன. நுனியில் பிடிக்கவில்லை. என்னிடம் வருபவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நுனியைப் பிடித்து வளைத்தால் நகத்துக்குப் பின்னால் உள்ள சின்ன மூட்டு மடங்கும், அடிமூட்டு அப்படியே இறுகிக் கிடக்கும். "தினமும் ஐம்பது முறை செய்கிறேன், ஒன்றும் முன்னேற்றமில்லை" என்று மனம் தளர்ந்து சொல்பவரின் கையை இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தி வைத்தால், அவருக்கே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

பிடித்துவிட்டீர்களா? முதலில் விரலை அதன் நேர்க்கோட்டிலேயே மிக மென்மையாக முன்னால் இழுங்கள். மூட்டுக்குள் சிறிது இடம் கிடைப்பதுபோல் இருக்கும். அந்த இழுவையை விடாமல் மேல்நோக்கி வளையுங்கள். இழுபடும் உணர்வு வந்ததும் நிறுத்தி, பத்து விநாடி பிடியுங்கள். விடுங்கள். பிறகு கீழ்நோக்கி அதேபோல. பக்கவாட்டில் தள்ள வேண்டாம், முறுக்க வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை என்று தொடங்கலாம். அதன்பின் கையை எடுத்துவிட்டு, விரலைத் தானாகவே மேலும் கீழும் அசையச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அது உங்கள் பேச்சைக் கேட்காது. பல நாள் அசையாமல் இருந்ததாலும் வீக்கத்தாலும் தசை தயங்கும். மற்றக் காலின் கட்டைவிரலையும் சேர்த்து அசைத்தால் பலருக்கு எளிதாக வருகிறது.

எவ்வளவு வலிக்கலாம்? இழுபடும் வலி பரவாயில்லை. குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள். மறுநாள் காலையில் பாதம் முந்தைய நாளைவிட அதிகமாக வீங்கியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம். பாதியாகக் குறையுங்கள், முழுதாக விட்டுவிட வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வலியை நம்பி அளவு பார்க்க முடியாது. ஒவ்வொரு தடவையும் தோலின் நிறத்தையும் சூட்டையும் கண்ணாலும் கையாலும் பாருங்கள்.

[காட்சி: தரையில் துண்டு, விரல்களால் இழுத்துச் சுருட்டுதல்]

துண்டை விரல்களால் சுருட்டும் பயிற்சி எல்லோருக்கும் தெரியும். நல்லதுதான். ஆனால் சிறிய விரல்கள் மும்முரமாக இழுக்க, கட்டைவிரல் சும்மா இருந்துவிடுகிறது. அதனால் நான் இதற்கு முன்னுரிமை கொடுப்பதில்லை. அதைவிட, பாதத்தைத் தரையில் பதித்து, கட்டைவிரலின் சதைப்பகுதியால் மட்டும் தரையை அழுத்திப் பழகுங்கள். நுனி கொக்கிபோல் மடங்கக்கூடாது. விரல் நீண்டு கிடக்க, அடியிலிருந்து அழுத்தம் வர வேண்டும். ஐந்து விநாடி, பத்து முறை. விரலடியில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து வேறொருவரை இழுக்கச் சொன்னால், அழுத்தம் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. காயம் முழுமையாக ஆறி, பொருக்கு உதிர்ந்த பிறகு, ஏதாவதொரு சாதாரணக் களிம்பைத் தடவி, விரல்நுனியால் சிறு வட்டங்களாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தோல் அடியிலுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டால் அதுவும் விரலை மடங்கவிடாது.

[காட்சி: ஈரப் பாதத்தின் சுவடுகள், இடதும் வலதும் அருகருகே]

நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான். தடித்த அடியுள்ள சிறப்புக் காலணியில் நான்கு முதல் ஆறு வாரம் நடக்கும்போது குதிகாலிலும் பாதத்தின் வெளி ஓரத்திலும்தான் எடை போகும். அப்போது அது சரி, எலும்பு கூடுவதற்கு அது தேவை. சிக்கல் காலணியைக் கழற்றிய பிறகு தொடங்குகிறது. எலும்பு கூடியிருக்கும், வலியும் போயிருக்கும், உடல் மட்டும் தாங்கித் தாங்கி நடப்பதை விடாது. கட்டைவிரல் சுமக்க வேண்டிய எடையைப் பக்கத்து விரல்களின் அடி சுமந்து, அங்கே புதிதாக வலி கிளம்பும். "அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது" என்று பலர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். பலருக்கு எலும்பு சரியாகவே இருக்கும், நடைதான் இன்னும் பழையபடி வந்திருக்காது.

காயம் நன்றாக ஆறி, வெறுங்காலில் எடை ஊன்ற அனுமதி கிடைத்த பிறகு இதைச் சோதித்துப் பாருங்கள். பாதங்களை நனைத்து, வழுக்காத உலர்ந்த தரையில் இரண்டடி நடங்கள். பக்கத்தில் சுவரோ கைப்பிடியோ இருக்கட்டும். ஒரு காலின் சுவட்டில் கட்டைவிரல் பதிந்து, மற்றதில் பதியாமலோ மங்கலாகவோ இருந்தால், உங்கள் வேலை என்ன என்பது தெரிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை செய்த காலை அரை அடி பின்னால் வைத்து, மேசையைப் பிடித்து நில்லுங்கள். எடையை மெதுவாக முன்காலுக்கு மாற்றுங்கள். பின்காலில் குதிகால் எழும், எடை உருண்டு கட்டைவிரலின் அடிக்கு வரும். அங்கே மூன்று விநாடி நில்லுங்கள். பாதம் வெளிப்பக்கம் உருள ஆசைப்படும், விடாதீர்கள். கால்நுனியை வெளியே திருப்பித் தப்பிக்கவும் பார்க்கும், நேராகவே வையுங்கள். பத்து முறை செய்த உடனே அதே உணர்வோடு மெதுவாக இருபது அடி நடங்கள். நீண்ட அடி வேண்டாம், இரு கால்களுக்கும் ஒரே அளவு அடி.

இது எளிதானதும் இரண்டு கால்களிலும் எக்கி நிற்பது. பிறகு ஒற்றைக் காலில் முப்பது விநாடி சமநிலை. ஒற்றைக் காலில் எக்குவது பெரும்பாலோருக்கு மூன்றாம் மாதத்துக்கு முன் வேண்டாம். ஓட்டமும் குதிப்பும் அதற்கும் பிறகுதான், அதுவும் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்று சொன்ன பின்.

[காட்சி: மாலையில் சற்று வீங்கிய பாதம், தலையணைமேல்]

மாலையானால் பாதம் வீங்குவது ஆறு மாதம் வரையிலும், சிலருக்கு ஓராண்டு வரையிலும் நீடிக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம், காலை உயர்த்தி வையுங்கள். ஆனால் நாளுக்கு நாள் சிவப்பு பரவினால், சீழ் கசிந்தால், காய்ச்சல் வந்தால், விரல் நீலமாகவோ வெளிறியோ போனால், செருகிய கம்பி நகர்ந்திருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

[காட்சி: மீண்டும் ஈரச் சுவடுகள்]

முதல் சுவட்டைப் புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி எடுங்கள், அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.