பாரிஸ் பக்கம்

வணக்கம். நான் வடசென்னை தண்டையார்பேட்டைலேர்ந்து வர்றேன். சமீபத்துல படிச்ச புக்ஸ் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நான் படிக்கறதெல்லாம் பதினஞ்சு பதினாறு வயசு பசங்களுக்கு எழுதற நாவலுங்க, யங் அடல்ட்னு சொல்றாங்களே அது, எனக்கு வயசு 43, பரவால்லயான்னு கேட்டேன். பரவால்ல வாங்கன்னாங்க.

சாயங்காலத்துல மொட்டை மாடியில டியூஷன் எடுக்கறேன். அங்க படிச்ச ஒரு பொண்ணு காலேஜ் போனப்புறம் ஒரு புக்கைக் கொண்டாந்து "அக்கா, இத படிங்க, நம்ம ஏரியா மாதிரியே இருக்கு"ன்னு குடுத்துட்டுப் போச்சு. ஏஞ்சி தாமஸ் எழுதின 'தி ஹேட் யு கிவ்', 2017-ல வந்தது. அமெரிக்கால கறுப்பின மக்கள் வாழற ஒரு ஏழை ஏரியா, அங்க ஸ்டார்னு 16 வயசு பொண்ணு, ஆனா படிக்கறது தூரத்துல, வெள்ளைக்கார பசங்க நெறைய படிக்கற பணக்கார ஸ்கூல்ல. வீட்ல ஒரு பேச்சு, ஸ்கூல்ல ஒரு பேச்சு. ஸ்கூல் வாசல் மிதிச்சா தெரு வார்த்தை ஒண்ணு கூட வாயில வராம பாத்துக்கும், கோவம் வந்தாலும் காட்டாது, காட்டினா இது 'அந்த ஏரியா' பொண்ணுன்னு முடிவு கட்டிடுவாங்கன்னு பயம்.

அந்த எடத்துல புக்கை மூடி வச்சிட்டேன், அன்னிக்கு மேல படிக்க முடியல.

எங்கப்பாவுக்கு காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல ஐஸ் உடைக்கற வேலை. பன்னெண்டாவது முடிச்சு ஊருக்கு அந்தாண்ட ஒரு காலேஜ்ல சேர்ந்தேன், மொத நாளே பக்கத்துல உக்காந்த பொண்ணு எங்கேர்ந்து வர்றேன்னு கேட்டா, தண்டையார்பேட்டைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, "பாரிஸ் பக்கம்"னு சொல்லிட்டேன், நம்ம சென்னை பாரிஸ் கார்னர்தான். அப்புறம் மூணு வருஷமும் நான் பாரிஸ் பக்கம்தான். குந்துன்னு வர்ற எடத்துல உக்காரு, இன்னான்னு வர்ற எடத்துல என்ன, வந்துக்கினு போய்க்கினுல இருக்குதே அந்த 'க்கினு', அத முழுங்க நான் பட்ட பாடு, பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவேன். இத ஒருத்தர் கிட்டயும் சொன்னதில்ல. எங்கியோ இருக்கற ஒரு பொண்ணும் இதையே பண்ணுதுன்னு தெரியறதுக்கு எனக்கு இவ்ளோ வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் தேடித் தேடி படிச்சேன். எலிசபெத் அசெவெடோவோட 'தி பொயட் எக்ஸ்', 2018, முழுக்க கவிதையாவே போற நாவல். நியூயார்க் ஹார்லெம்ல சியோமாரான்னு ஒரு பொண்ணு நோட்டு பூரா கவிதை எழுதி வச்சிருக்கும், அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி, நோட்டைப் படிச்சிட்டு கொளுத்திடுவாங்க. மொத தடவை அந்த அம்மா மேல அவ்ளோ ஆத்திரம். ரெண்டாவது தடவை படிக்கறப்போ எங்கம்மா ஞாபகம் வந்துச்சு, எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் எத எழுதினாலும் லவ் லெட்டரோன்னு பயந்துக்கும். கடைசியில அம்மாவும் பொண்ணும் ஒண்ணு சேர்றது மட்டும் எனக்கு கொஞ்சம் அவசரமா பட்டுச்சு, எங்க தெருவுல அதுக்கு நடுவுல ஒரு கல்யாணமோ சாவோ வந்தாகணும்.

ஜேசன் ரெனால்ட்ஸோட 'லாங் வே டவுன்' கதைய மட்டும் கரண்ட் போன ஒரு நாள் டியூஷன் பசங்களுக்கு தமிழ்லயே சொன்னேன். அண்ணனை சுட்டுக் கொன்னுட்டாங்க, தம்பி பேரு வில், 15 வயசு, இடுப்புல துப்பாக்கிய சொருவிக்கினு பழி வாங்க கெளம்பறான், மேல் மாடியிலேர்ந்து லிஃப்ட்ல எறங்கறான், ஒவ்வொரு மாடியிலயும் செத்துப்போன ஒருத்தர் ஏறி அவன் கிட்ட பேசுவாங்க. மொத்தம் ஒரு நிமிஷம் சொச்சம்தான், அதுக்குள்ள ஒரு முழு நாவல். அழக்கூடாது, காட்டிக் குடுக்கக் கூடாது, பழி வாங்கணும், இந்த மூணும்தான் அவன் தெரு சட்டம், இத சொன்னதும் ஒரு பையன் "இங்கியும் அதான்க்கா"ன்னான். கடைசியில அவன் போவானா மாட்டானான்னு புக்ல சொல்லல. பசங்க அடிச்சிக்காத கொறை. ஒருத்தன் மட்டும் கம்முனு இருந்துட்டு எல்லாரும் போனப்புறம் "சுட்டது அந்தாளுதான்னு வில்லுக்கு நெஜமா தெரியுமாக்கா?"ன்னு கேட்டான். அந்த புக்கோட உயிரே அந்தக் கேள்வியிலதான் இருக்கு.

தமிழ்ல இல்லியாக்கான்னு கேட்டாங்க. இரா. நடராசனோட 'ஆயிஷா' குடுத்தேன், சின்ன புக்கு, கேள்வி கேட்டு அடி வாங்கற பொண்ணு கதை, ஒரே மூச்சுல முடிச்சிட்டு அடுத்தது கேட்டாங்க. என்கிட்ட ரொம்ப இல்ல. சின்னப் பசங்களுக்கு கதை எழுதறோம், பெரியவங்களுக்கு நாவல் எழுதறோம், நடுவுல நிக்கற இந்த பசங்கள ஏன் விட்டுட்டோம்? எழுதறவங்க யாராவது கேட்டுக்கினு இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு எழுதுங்க.

ஸ்டார் கதைக்கு திரும்ப வர்றேன், அதுல ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன். சின்ன வயசுலேர்ந்து கூட வெளையாண்ட கலீல்ங்கற பையனை அது கண்ணு முன்னாடியே போலீஸ்காரர் சுட்டுடுவாரு, துப்பாக்கின்னு அவர் நெனச்சது தலை சீவற பிரஷ். 2009-ல கலிஃபோர்னியா ஓக்லண்ட்ல ஆஸ்கர் கிராண்ட்ங்கற 22 வயசு பையனை ரயில் ஸ்டேஷன்ல போலீஸ் சுட்டதுக்கப்புறம் ஏஞ்சி தாமஸ் எழுத ஆரம்பிச்ச கதை இது. டிவில கலீலை போதைப்பொருள் விக்கறவன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல கேக்கறப்போ ஸ்டார் அவனை தெரியாதுன்னு சொல்லிடும்.

எங்க தெருவுல மழை வந்தா முழங்கால் தண்ணி நிக்கும். ஒரு பையன் என் காலேஜ் பைய தலையில வச்சுக்கினு மெயின் ரோடு வரைக்கும் கொண்டாந்து விடுவான். நான் ரெண்டாவது வருஷம் படிக்கறப்போ அவனை வெட்டிட்டாங்க. பேப்பர்ல ரவுடி வெட்டிக் கொலைன்னு நாலு வரி. கேன்டீன்ல அத படிச்சிட்டு, அந்தப் பக்கம் எல்லாம் இப்படித்தான்ப்பா, பாரிஸ்லேர்ந்து கிட்டதானே, உனக்கு அந்த ஏரியா தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்.

ஸ்டார் கடைசியில ஜனங்க நடுவுல கார் மேல ஏறி மெகாஃபோன்ல பேசும். இத சொல்ல எனக்கு 24 வருஷம் ஆச்சு. அந்தப் பையனோட அம்மா இன்னும் அதே தெருவுலதான் இருக்காங்க, அதனால பேர் சொல்லல. ஆனா எனக்கு அவனைத் தெரியும். என் பைய ஒரு நாள் கூட நனைய விட்டதில்ல அவன்.