தஸ்நேவிஸ் மாதா கொடியேற்றம்: ஆடிக்காற்றும் என் மைக்கும்

வணக்கம் மக்களே. முதலில் ஒரு திருத்தம். போன வீடியோவில் "ஆகஸ்ட் 5 தூத்துக்குடிக்கு வாங்க, தங்கத்தேர் பார்க்கலாம்" என்று பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி சொல்லிவிட்டேன். கமெண்டில் ஊர்க்காரர்கள் வறுத்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். பனிமய மாதா (தஸ்நேவிஸ் மாதா என்பதும் இவர்தான்) கோவில் தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடுவதில்லை. முதலில் ஓடியது 1806இல். 2013இல் ஒருமுறை ஓடி, அடுத்து 2023இல் ஓடியபோது அது 16ஆவது முறை. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பதினாறே தடவை! மற்ற வருஷங்களில் மாதா சப்பரத்தில்தான் பவனி வருவார். தப்பு என்னுடையது, சரி, முடிந்தது.

ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது ஆகஸ்ட் 5 திருவிழாவைத் தொடங்கி வைக்கும் கொடியேற்றம் பற்றி. ஜூலை 26 காலை. அதற்கு முன்னால் அந்த மைக் கதை. நான் எப்போதும் அந்தச் சின்ன காலர் மைக்கைத்தான் மாட்டுவேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆடி மாசம் என்பதை மறந்தே போனேன். அம்மியையே பறக்கவிடும் காற்று என் மைக்கையா விட்டுவைக்கும்? முதல் இருபது நிமிடமும் "புர்ர்ர்" என்ற சத்தம் மட்டும்தான். திருப்பலி, பாடற்குழு எல்லாம் போச்சு. எலிக்குட்டி மாதிரி ஒரு முடிக்குல்லா விற்கிறார்களே, மைக் மேல் போடுவது, அதை "180 ரூபாயா, வேண்டாம்" என்று விட்டவன் நான். 180 ரூபாய்! கோவிலுக்கு வர ஆட்டோவுக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். கடைசியில் கைக்குட்டையை மடித்து மைக்கில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். வேலை செய்தது மக்களே, சத்தியமாக வேலை செய்தது.

அதனால்தான் அந்தச் சங்கு கிடைத்தது. கொடி மேலே ஏறும் நேரத்தில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் சங்கு ஊதுவார்கள். இந்தப் பக்கம் புறா பறக்கிறது, அந்தப் பக்கம் கடலிலிருந்து "பூம்" என்று சத்தம். எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ திருவிழா எடுத்திருக்கிறேன், கடலே கலந்துகொள்ளும் கொடியேற்றம் எனக்கு இதுதான் முதல் தடவை. கொடி ஏறியதும் சனங்கள் கொடிமரத்தடியில் பாலும் பழமும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். வேற்று மதக்காரர்களும் கூட்டத்தில் நிறைய.

ஐயோ, தஸ்நேவிஸ் என்றால் என்ன என்று சொல்லவே இல்லையே. போர்த்துக்கீசிய மொழியில் நேவிஸ் என்றால் பனி. கொளுத்தும் ஆகஸ்ட் மாசத்தில் ரோமில் ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாம், அங்கே மாதாவுக்குக் கோவில் கட்டினார்களாம். அந்த ஐதீகத்துக்கான நாள்தான் ஆகஸ்ட் 5. தூத்துக்குடி வெயிலில் பனி மாதா! ஆனால் ஊரில் இன்னும் செல்லப்பெயர் மாதிரி தஸ்நேவிஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஏழுகடல்துறையின் ஏக அடைக்கலத் தாய் என்பது இன்னொரு பெயர், எனக்குப் பிடித்தது அதுதான்.

முத்துக்குளிக்கும் பரதவர்கள் 1530களில் போர்த்துக்கீசியர் துணையைத் தேடி ஞானஸ்நானம் பெற்றவர்கள். கத்தோலிக்கத் துறவி பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்ததே அதற்குப் பின்னால், 1542இல். கோவிலில் இருக்கும் மாதா சொரூபம், அதாவது சிலை, 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊர் வழக்கு. எனக்கு இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது: ஸ்பெயின்காரர்கள் மணிலாவைப் பிடித்ததே 1571இல்தானே, அதற்கு முன்னால் அங்கே மாதா சொரூபம் ஏது? யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, கேள்வி வந்தது, கேட்டேன்.

என்னை மிகவும் இழுத்த சங்கதி வேறு. 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், கத்தோலிக்க வழிபாடே அவர்களுக்கு ஆகாது. கோவில்களைப் பறித்துக்கொண்டார்கள், சாமியார்களை விரட்டினார்கள். பரதவர்கள் அசையவில்லை. இப்போது நாம் பார்க்கிற கோவிலை விஜிலியுஸ் மான்சி என்ற சேசு சபைச் சாமியார் 1712, 1713இல் கட்டி முடித்தார். அப்போதும் ஊர் டச்சுக்காரர் கையில்தான்! இதை ஏன் யாரும் பெரிசாகப் பேசுவதில்லை? எல்லா வீடியோவிலும் தேரில் எத்தனை கிலோ தங்கம் என்பதே பேச்சு. எரிச்சலாக வருகிறது.

முக்கியமான கத்தோலிக்கக் கோவில்களுக்குப் போப்பாண்டவர் தரும் பசிலிக்கா பட்டம் இதற்குக் கிடைத்தது 1982இல். ஆனால் உள்ளூரில் பேராலயம், பசிலிக்கா என்றெல்லாம் ஆட்டோக்காரரிடம் சொல்லாதீர்கள், பெரிய கோவில் என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். நான் "பசிலிக்கா" என்றேன், ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். ஆட்டோ காசு ஏன் 180ஐத் தாண்டியது என்று இப்போது புரிகிறதா?

சரி, கைக்குட்டை மைக்கில் பதிவான கப்பல் சங்கு இதோ. ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குழந்தை அழும், அதை வெட்டவில்லை.