மானிட்டர் மணியும் குழந்தையின் விழிப்பும்

செவிலியர்களுக்கும், குறைமாதக் குழந்தைகளைப் பெற்ற தாய் தந்தையருக்கும் வணக்கம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பெற்றோர் பலர் கேட்பது ஒன்றுதான்: "ஒரு மானிட்டர் வாங்கி மாட்டிவிட்டால் பயமில்லாமல் இருக்கலாமா?" மூச்சு நின்றாலோ இதயத்துடிப்பு தாழ்ந்தாலோ மணியடிக்கும் கருவிதான் இந்த மானிட்டர்.

1972இல் அமெரிக்காவில் ஸ்டைன்ஷ்னைடர் என்ற மருத்துவர், தூக்கத்தில் மூச்சு நெடுநேரம் நிற்பதுதான் திடீர்ச் சிசு மரணத்துக்கு (நன்றாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறப்பதற்கு) காரணம் என்று எழுதினார். அப்புறம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மானிட்டர் போனது. சாவு குறையவில்லை. 2001இல் வெளியான 'சைம்' (CHIME) என்ற அமெரிக்க ஆய்வு 1079 குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே பதிவுசெய்து பார்த்தது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிலேயே 43 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது மானிட்டர் மணியடிக்கும் அளவுக்கு மூச்சு நின்றது அல்லது இதயத்துடிப்பு தாழ்ந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம்தான். ஆனால் கருவாரக் கணக்கில், அதாவது கர்ப்ப வாரங்களையும் பிறந்த பிறகான வாரங்களையும் சேர்த்து எண்ணினால், 43 வாரம் ஆகும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. திடீர் மரணங்களோ பெரும்பாலும் அதற்குப் பிறகே நிகழ்கின்றன.

அப்படியானால் குழந்தையைக் காப்பது எது? அதன் விழிப்புதான். தூங்கும் குழந்தையின் இதயத்துடிப்பு ஒரே சீராக ஓடுவதில்லை. மூடிய இமைக்குள் கண் உருளும் தூக்கத்தில் ஏறி இறங்கும், அது நல்லதுதான். வேகஸ் நரம்பு துடிப்பை இழுத்துப் பிடிக்க, பரிவு நரம்புகள் முடுக்கிவிடுகின்றன. முகத்தில் துணி விழுந்து பிராணவாயு குறைந்தால், மூச்சையும் துடிப்பையும் நடத்தும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு விழித்துக்கொள்ள வேண்டும். துடிப்பு எகிறும், குழந்தை பெருமூச்சு விடும், தலையைத் திருப்பும், அழும். குப்புறப் படுத்த குழந்தையிடம் இந்த விழிப்பு மந்தமாகிறது என்று மெல்போர்னில் ரோஸ்மேரி ஹோர்ன் குழுவினர் அளந்து காட்டினார்கள். துடிப்பின் ஏற்ற இறக்கமும் குறைகிறது. கர்ப்பத்தில் புகையிலைப் புகை பட்ட குழந்தைக்கும் விழிப்பு மந்தம்தான். திடீர் மரணத்தில் இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், மூச்சையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்த உதவும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அமைப்பே பழுதுபட்டிருந்ததை பாஸ்டனில் ஹன்னா கின்னி கண்டார். அந்தப் பழுதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க இன்றைக்கு நம்மிடம் வழி இல்லை. ஆனால் எப்படிப் படுக்க வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

1994இல் அமெரிக்கா மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எந்தக் கருவியும் இதைச் செய்ததில்லை.

"மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறாதா? பாட்டி திட்டுவாங்களே!" நியாயமான பயம். ஆனால் மல்லாந்த குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. பாட்டியிடம் இதைக் கையால் வரைந்தே காட்டுங்கள்.

செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கு உதவியாகக் குப்புறப் படுக்க வைக்கிறோம். அங்கே எந்நேரமும் கண்காணிப்பு உண்டு, அது சரி. அம்மா அதைத்தான் வாரக்கணக்கில் பார்க்கிறாள், வீட்டிலும் அப்படியே செய்கிறாள். அதனால் கருவாரக் கணக்கில் 32 வாரம் தாண்டி, மூச்சு நிலைப்பட்ட குழந்தையை வார்டிலேயே மல்லாக்கப் பழக்குங்கள். சில குழந்தைகளுக்கு மருத்துவரே மானிட்டர் எழுதித் தருவார், கட்டாயம் மாட்டுங்கள். அதை மாட்டியிருக்கும்போதும் குழந்தை மல்லாந்துதான் தூங்க வேண்டும்.