திண்ணையில பசியோட படுத்த பையன்: களைச்சுப்போன டீச்சர்களுக்காக ஒரு வடசென்னைக் கதை

[காட்சி: ஏழுகிணறு, வீராசாமி தெரு, விடியற்காலை]

வணக்கம். கதவு சாத்தின வீட்டுத் திண்ணையில பசியோட படுத்த பையனுக்கு, நடுராத்திரி சோறு போட்டது யாரு? களைச்சுப்போன ஒவ்வொரு டீச்சருக்கும் இந்தக் கதை தேவை. தண்டையார்பேட்டையில 12 வருஷம் ஆறாம் வகுப்பு எடுத்தவ நான், நம்பிக் கேளுங்க.

எமிஸ்னு பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு, நோட்டு திருத்தறது, வாக்காளர் பட்டியல் வேலை... களைப்புக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். கதைக்கு வர்றேன்.

அந்தப் பையன் ராமலிங்கம். 1823-ல மருதூர்ல பிறந்தவர், பின்னாள்ல நம்ம வள்ளலார். அப்பா சீக்கிரம் போயிட்டாரு, குடும்பம் சென்னைக்கு வந்து இந்தத் தெருவுல குடியேறிச்சு. அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் பண்ணிக் குடும்பத்தைக் காப்பாத்தினவர். தம்பியோ பாடம் படிக்காம கந்தகோட்டம் முருகன் முன்னாடியே நின்னுட்டிருந்தாரு. அண்ணன் கோபத்துல, "இவனுக்குச் சோறு போடாதே"ன்னுட்டாரு.

அண்ணி என்ன பண்ணாங்க தெரியுமா? புருஷன் கூட சண்டை போடல, பையனுக்குப் புத்தியும் சொல்லல. அவருக்குத் தெரியாம கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. அப்பாவோட திதி அன்னிக்கும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் பந்தி நடக்க, வீட்டுப் பிள்ளை ஒளிஞ்சு வந்து சாப்பிடுதேன்னு அழுதாங்க. அதுக்கப்புறம்தான், "வீட்லயே இருந்து படிப்பா"ன்னு கேட்டாங்க. அவரும் சரின்னாரு. சோறு முதல்ல, பேச்சு அப்புறம். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்குது.

பிறகு ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு முடியல. அவருக்குப் பதிலா பிரசங்கத்துக்குப் போனது அதே தம்பி. ஊரே அசந்து போச்சு!

[காட்சி: திருவொற்றியூர் கோயில் கோபுரம்]

இப்போ அந்த ராத்திரி. தம்பி இங்கேருந்து ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து திருவொற்றியூருக்குப் போயிட்டு, நேரம் கழிச்சுத் திரும்பினாரு. கதவு சாத்தியிருந்தது, திண்ணையிலேயே படுத்துட்டாரு. அண்ணி வந்து எழுப்பிச் சாப்பாடு போட்டாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடியும் அண்ணி! "இப்பதானே போட்டீங்க"ன்னாரு. முதல்ல வந்தது திருவொற்றியூர் கோயில் வடிவுடையம்மன்னு பக்தர்கள் சொல்றாங்க. நான் முழுசா நம்புறேன். யோசிங்க, அம்மனே வந்தாலும் அண்ணி முகத்தோடதான் வந்திருக்கா.

எங்க பள்ளியில அந்த முகம் எங்க ஹெச்.எம். அம்மா. ஒருநாள் மத்தியானம் 3 மணிக்கு என் மேசையைப் பாத்தாங்க. டிபன் பாக்ஸ் திறக்கவே இல்ல, மூடி மேல சாக்பீஸ் தூள். "நீ போய் சாப்ட்டு வாம்மா, கிளாஸை நான் பாத்துக்கறேன்." அவ்ளோதான். எந்தப் பயிற்சி முகாமும் எனக்கு அவ்வளவு தெம்பு குடுத்ததில்ல. ஹெச்.எம். யாராவது பாத்துட்டிருந்தா, நாளைக்கு ஒரு டீச்சருக்கு இதைச் செய்ங்க, ப்ளீஸ்.

பக்கத்து கிளாஸ் டீச்சர் ராயபுரம் ராயப்பர் கோயிலுக்கு, அதாவது செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்குப் போறவங்க. 16-ம் நூற்றாண்டுல இக்னேஷியஸ் லொயோலாங்கிற கத்தோலிக்கப் புனிதர் சொல்லிக்குடுத்த ஒரு பழக்கத்தை எனக்குக் காட்டினாங்க. முதல்ல நன்றி, அப்புறம் அன்னிக்கு நடந்ததைக் காலையிலேருந்து ஓட்டிப் பாக்கணும், தப்புக்கு மன்னிப்பு கேக்கணும், நாளைக்கு என்னன்னு முடிவு பண்ணணும். நான் இதை முருகனை நினைச்சுக்கிட்டு, மணி அடிச்ச பிறகு காலி பெஞ்சுகளைப் பாத்தபடி செய்வேன்.

அப்படி ஒரு சாயங்காலம் மூணாவது பெஞ்ச்ல மனசு நின்னுபோச்சு. கிளாஸ்ல தூங்கின பையனை அன்னிக்குக் காலையில கத்திட்டேன். சட்டைக் கையில மீன் செதில் ஒட்டியிருந்ததைப் பாத்தும் யோசிக்கல. விடியறதுக்கு முன்னாடியே அம்மாவோட காசிமேடு மீன் ஏலத்துக்குப் போயிட்டு வந்திருக்கான்.

மறுநாள் பக்கத்துல கூப்பிட்டு, "நேத்து கத்தினது என் தப்புப்பா. சாப்ட்டியா?"ன்னேன். தலையாட்டினான். "சங்கரா மீன் ஒரு கூறு என்ன விலைக்குப் போச்சு?" சாக்பீஸை வாங்கிட்டு போர்டு முழுக்க மீன் பேரும் விலையும் எழுதினான். அன்னிக்குக் கணக்குப் பாடம் எடுத்தது அவன்தான்.