பசை இல்லாமல் ஒரு மலை ரயில்

வணக்கம். வீட்டில் மிஞ்சுகிற அட்டை, பேப்பர், பழைய துணி இதையெல்லாம் வைத்துக் குழந்தைகள் என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லி உதகை வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கைவினை படித்தவள் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள், அவ்வளவுதான். பிள்ளை மடுவம் என்றால் டவுனில் இருக்கிறவர்களுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் அப்பா அம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது டிரங்குப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்த வார்த்தை அது. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் இப்படி ஒரு இடம் இருந்தே ஆக வேண்டும் என்று 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. மழை விடாமல் பெய்கிற நாளில் உள்ளே அடைந்து கிடக்கிற முப்பது பிள்ளைகளை என்ன செய்வது என்று மட்டும் அதில் எழுதி வைக்கவில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில் மழை. எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான். அப்படி ஒரு கார்த்திகையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து மைதாப் பசை கலந்து முகமூடி செய்யலாம் என்று ஆரம்பித்தேன். கீழே சமவெளியில் வெயிலில் வைத்தால் சீக்கிரம் காய்கிற சமாச்சாரம். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? முதல் நாள் ஈரம், இரண்டாம் நாளும் ஈரம், நாலாம் நாள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் பன்னிரண்டு முகமூடியில் ஒன்றுக்கும் மூக்கு இல்லை. மைதா வாசனைக்கு எலி வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளைகள் அழும் என்று நினைத்தேன். அதுகளோ மூக்கு போன முகமூடியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுதும் சிரித்துக்கொண்டிருந்தன. பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கலந்தால் பூச்சி வராது என்று ஒருவர் யோசனை சொன்னார். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் அப்படிச் செய்வது உண்டு. ஆனால் அது விஷம், விரல் சூப்புகிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அந்தப் பேச்சே கூடாது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி பசை கிடையாது. மடி, செருகு, கட்டு, தை, இந்த நாலோடு சரி.

எலிக்குப் பயந்து ஆரம்பித்த வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதில் இன்னொரு லாபம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அட்டையைத் தனியாகப் போட்டால் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார், பிளாஸ்டிக் மூடியைத் தனியாகப் போட்டால் அதற்கும் ஆள் உண்டு. இரண்டையும் ஃபெவிகால் போட்டு ஒட்டி மேலே ஜிகினாத் தூளைத் தூவிவிட்டால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். ஜிகினாத் தூளே பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், பெருக்கினாலும் போகாது. காலி பாட்டிலுக்குப் பெயிண்ட் அடித்து அலமாரியில் வைக்கிற பழக்கம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. நம் நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து மதுக்கடைக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். ஸ்டிக்கரை மறைத்துப் பெயிண்ட் அடித்த பாட்டிலை எந்தக் கடைக்காரர் வாங்குவார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று எதையாவது செய்து கொண்டுவரச் சொல்வார்கள். அப்பா ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடி, புது ஐஸ் குச்சி ஒரு பாக்கெட், புது தெர்மாகோல் அட்டை, கலர் பேப்பர் எல்லாம் வாங்கி வருவார், அம்மா பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து செய்வாள், பிள்ளை தூங்கிவிடும். இதில் வேஸ்ட் எங்கே இருக்கிறது?

சரி, வேலைக்கு வருவோம். பத்மஸ்ரீ வாங்கிய அரவிந்த் குப்தாவைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர், 1978-ல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போய், அங்கே சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் வைத்தே வடிவங்கள் செய்து காட்டியவர். டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு தயார், பசையே வேண்டாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் எங்கள் மேட்டில் சைக்கிள் ஏது? நாலு கடை ஏறி இறங்கினேன், வால்வு டியூப் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதனால் நாங்கள் அதையே செய்தித்தாளில் செய்தோம்.

பேப்பரில் ஒரு தாளை விரித்து, ஒரு மூலையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை வைத்து, எதிர் மூலையை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். கொஞ்சம் சாய்த்துச் சுருட்டினால் குழலின் ஒரு முனை ஒல்லியாகவும் மறுமுனை அகலமாகவும் வரும். ஊசியை உருவிவிட்டு, நடுவில் நூலால் ஒரு கட்டு. ஒல்லி முனையை இன்னொரு குழலின் அகல முனைக்குள் செருகினால் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் போகலாம். மூலை வேண்டுமா, முனைகளைச் சப்பையாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளை போட்டு நூலால் கட்டுங்கள். இப்படி நாலு குழலில் ஒரு சதுரமும் மூன்று குழலில் ஒரு முக்கோணமும் கட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் உடனே ஒரு பக்கமாகச் சாயும், முக்கோணம் அசையாது. நீங்கள் விளக்கம் சொல்லவே வேண்டாம். சதுரத்துக்குக் குறுக்கே இன்னொரு குழலைக் கட்டினால் அதுவும் நிற்கும் என்று ஏதாவது ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். அப்புறம் ஒரு நாள் தேயிலை ஃபேக்டரிக்குள் போனபோது ஒரு சிறுமி கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், மேலே பூரா நம்ம முக்கோணம்" என்றாள். இரும்புச் சட்டங்கள்.

இப்போது நான் ரொம்ப ஆசைப்பட்டுச் சொல்ல வந்த விஷயம், ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் உதகைக்கு 1908-லும் வந்து சேர்ந்த நம் மலை ரயில். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் அதை வரையும், புகை வரையும், பாலம் வரையும். ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப் பல்லாக ஓடுகிறதே இரட்டை இரும்புப் பட்டை, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதானே மேலே ஏறுகிறது, அதை வரைந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. அதைச் செய்ய ஒரு அட்டைப்பெட்டி போதும்.

மளிகைச் சாமான் வருகிற பழுப்புப் பெட்டியின் அட்டையை வெட்டிப் பாருங்கள், இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்கும். மேல் தாளை உரித்துவிட்டால் அந்த வரிகள் வெளியே தெரியும். அதுதான் பல். உரிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. ஈரத் துணியால் மேல் தாளை லேசாக ஒற்றி, இரண்டு நிமிடம் விட்டுவிட்டு ஓரத்திலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். தண்ணீர் கூடிப்போனால் வரியும் சேர்ந்து அமுங்கிவிடும். உரித்ததை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள், வரிகள் பட்டைக்குக் குறுக்காக, ஏணிப்படி மாதிரி வர வேண்டும். முதல் தடவை நானே நீளவாக்கில் வெட்டிவிட்டு, ஏன் கவ்வவில்லை என்று அரைமணி நேரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். சக்கரத்துக்கும் பாதைக்கும் ஒரே பெட்டி அட்டை வேண்டும், வேறு பெட்டி என்றால் வரியின் இடைவெளி மாறும், பல்லோடு பல் உட்காராது.

சக்கரத்துக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி அளவில் ஒரு மூடி. அதன் விளிம்பைச் சுற்றி வரி வெளியே தெரிகிற மாதிரி ஒரு பட்டையைச் சுற்றி, இரண்டு முனையையும் ஊசி நூலால் தைத்து இழுத்துக் கட்டுங்கள். மூடியின் நடுவில் துளை. இதைப் பெரியவர்கள்தான் போட வேண்டும், கம்பியைச் சுட வைத்துக் குத்தினால் சுலபம். துளையில் ஒரு பென்சில் இறுக்கமாகப் போக வேண்டும், பென்சிலைத் திருகினால் மூடியும் சேர்ந்து சுற்ற வேண்டும், அது முக்கியம். இந்த மூடியைவிடக் கொஞ்சம் பெரிய பிஸ்கட் பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் ஜன்னல் வெட்டி, பக்கங்களில் தாராளமாக இரண்டு துளை போட்டு, சக்கரம் அடியில் சற்று நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி பென்சிலை நுழைத்தால் எஞ்சின். பாதைக்கு ஒரு நீளமான அட்டை, அதன் நடுவில் பல் பட்டையை வைத்து இரண்டு முனையிலும் கோணி ஊசியால் தைத்துவிடுங்கள்.

நம் ரயில் ஏறுகிற செங்குத்தான இடத்தில் ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. அதாவது 50 சென்டிமீட்டர் அட்டை என்றால் ஒரு முனையை 4 சென்டிமீட்டர் தூக்கினால் கிட்டத்தட்ட அதே ஏற்றம். இதைச் செய்து காட்டியபோது பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். "இவ்வளவுதானா டீச்சர்? எங்க லயத்துக்குப் போற படி இதைவிட மேடு" என்றான் ஒருவன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவன் சொன்னது உண்மைதான். வழுவழுப்பான இரும்பு மேல் வழுவழுப்பான இரும்பு ஏற, அதுவும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏற, இந்த நாலு சென்டிமீட்டரே பெரிய பாடு. அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், பெட்டிக்குள் நாலு கூழாங்கல்லைப் போட்டு, பல் பட்டை சுற்றாத வெறும் மூடியைச் சக்கரமாக்கி, பட்டை இல்லாத அட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பென்சிலைத் திருகச் சொல்லுங்கள். மூடி நின்ற இடத்திலேயே சுற்றும். அப்புறம் பல் சக்கரத்தைப் பல் பாதையில் விட்டுத் திருகினால், கல்லையும் தூக்கிக்கொண்டு ஏறும், கடகடவென்று சத்தம் வேறு. செங்கல் மேல் செங்கல் வைத்து எவ்வளவு மேடு வரை ஏறுகிறது என்று அவர்களே பந்தயம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் டீ போடப் போகலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது கை வராது. அவர்களுக்கு முட்டை ஓட்டில் முகம் வரைந்து, உள்ளே ஈரப் பஞ்சு வைத்துக் கடுகு தூவினால் போதும், தலைமுடி முளைக்கும். குளிருக்கு ஒரு வாரம் கூட ஆகும், பொறுமை வேண்டும். பஞ்சுக்குப் பதில் டீத்தூள் சக்கை போடுகிறவர்கள் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்த சக்கைக்கு எறும்பு வராமல் இருக்குமா?

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கிழிந்த ஸ்வெட்டர் நல்ல சரக்கு. நம் மலையில் அது இல்லாத வீடு இல்லை. கையால் பின்னியதாக இருந்தால் ஒரே இழையாகப் பிரிந்து வரும், மெஷினில் துணியாகப் பின்னி வெட்டித் தைத்தது துண்டு துண்டாகத்தான் வரும், அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். டம்ளர் வாய் அளவுக்கு ஒரு வட்ட அட்டை வெட்டி, நடுவில் துளை, ஓரத்தில் எட்டு வெட்டு. ஏழு கம்பளி இழைகளை ஒரு முனையில் முடிந்து, முடிச்சைத் துளைக்குள் இறக்கி, வெட்டுக்கு ஒன்றாக இழைகளை மாட்டுங்கள். ஒரு வெட்டு காலியாக இருக்கும். காலி வெட்டிலிருந்து வலப்பக்கமாக எண்ணி மூன்றாவது இழையை எடுத்து, நடுவில் உள்ள இரண்டையும் தாண்டிக் காலி வெட்டில் மாட்டுங்கள். இப்போது வேறு ஒரு வெட்டு காலி. அங்கிருந்து மறுபடி வலப்பக்கம் மூன்றாவது. இப்படியே போனால் அடியில் உருண்டையாக ஒரு கயிறு இறங்கும். என்னிடம் பழகிய ஒரு பெண் குளிர்காலம் முழுவதும் பின்னிப் பின்னி, கடைசியில் அவள் பாட்டியின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு கொடுத்தாள்.

எடுக்கவே கூடாத சாமானையும் சொல்ல வேண்டும். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற டப்பா எவ்வளவு கழுவினாலும் வேண்டாம், பார்க்க அழகாக இருக்கும், வேண்டாம். உரச் சாக்கும் வேண்டாம். பழைய பேட்டரி, ஓரம் வெட்டிய தகர டின், இதுவும்தான்.

அந்த ரயில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செய்த பையன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். மறுநாள் காலையில் விறகு ஈரம் என்று அவன் பாட்டி பாதையை எடுத்து அடுப்புப் பற்றவைத்துவிட்டாள். மூடியும் பென்சிலும் மட்டும் மிச்சம். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவான் என்று பார்த்தால், கையில் ஒரு வர்க்கிப் பெட்டியோடு வந்து நிற்கிறான், இதை உரிக்கலாமா என்று. அது மெல்லிய அட்டை, உள்ளே வரியே இல்லை. பெட்டியின் ஓரத்தை முதலில் கிள்ளிப் பார்க்க வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நன்றி, வணக்கம்.