தி. சு. அவிநாசிலிங்கமும் எங்கள் ஊர் நூலகமும்

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து பந்தலை விட்டு நகராத ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு இலக்கணம் சொல்லித்தந்த புலவர் ஐயா அவர்களே, முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்ணுகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. எண்பதைத் தாண்டிய வயதில் இந்த வெயிலில் வந்திருக்கிறார் புலவர் ஐயா. அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

தமிழ்வழிக் கல்வி, பெண் கல்வி, நூலகம் என்று மூன்றைப் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் பாடுபட்டவர் அவிநாசிலிங்கம் செட்டியார். 1903இல் திருப்பூரில் பிறந்தவர். 1930இல் கோவையில் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம்தான் இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் இருப்பது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அந்த மூன்று வருஷத்துக்குள் தமிழ் வளர்ச்சிக் கழகம் வந்தது, தமிழில் கலைக்களஞ்சிய வேலை தொடங்கியது. அதைத் தூக்கிச் சுமந்தவர் நம் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். 10 தொகுதிகள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்தச் சட்டியை நிரப்பியவர்கள் இவர்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் கிணற்றுமேட்டுப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டியது. ஆண் கட்டுமா, பெண் கட்டுமா? பெண்தான் என்றார் அம்மிச்சி, என் அம்மாவைப் பெற்ற பாட்டி. வாத்தியாரிடம் கேட்டேன். "கலைக்களஞ்சியத்தில் பார்ப்போம்" என்றார். புத்தகம் பீரோவுக்குள், சாவி லீவில் போனவரிடம். தினமும் பீரோக் கண்ணாடி வழியாக அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் சாவி வந்தது. குழாயடியில் கை கழுவச் சொல்லி, தன் துண்டிலேயே துடைத்துவிட்டுக் கையில் கொடுத்தார். ஆண்தான் முடைகிறது! சாயங்காலம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மிச்சி கொஞ்ச நேரம் பனையையே பார்த்தார். "குருவிக்கு இருக்கிற அக்கறை... உங்க அப்பிச்சி ஒரு தட்டிகூட முடைஞ்சதில்லியே கண்ணு!"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று இருக்கும். அவிநாசிலிங்கம் அமைச்சராக இருந்தபோது, 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் கொடுத்தது அது. அப்போதே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நாமும் தவறாமல் கட்டுகிறோம். ஆனால் நம் ஊரில் இருப்பது பகுதி நேர நூலகம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்தில் பூட்டுத் தொங்குகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்கிறோம். இங்கே சட்டி இருக்கிறது, மூடியைத் திறக்கத்தான் ஆளில்லை.

பெண் கல்விக்கு அவர் தொடங்கிய மனையியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருப்பதை இன்னொரு நாள் பேசுகிறேன்.

இதை ஊர்ப்புற நூலகமாக உயர்த்தவும், மாலையில் திறந்து வைக்கவும் மனு எழுதியிருக்கிறோம். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு ரசீது எண்ணையும் எழுதுங்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் கோவைக்குக் கொண்டுபோகிறோம். கூட வருகிறவர்கள் புலவர் ஐயாவிடம் பெயர் கொடுங்கள். வணக்கமுங்க.